தரவுப் பரிமாற்ற வீதங்களின் அலகு மாற்றம்

தரவுப் பரிமாற்ற வீதங்களின் அலகு மாற்றம் என்பது, ஒரு கருவியிலோ இணைப்பிலோ ஒரு நொடியில் செல்லும் தரவின் அளவை ஒரு துறையின் வழக்கத்திலிருந்து மற்றொரு துறையின் வழக்கத்துக்கு மாற்றிக் கணக்கிடுவதாகும். காந்த நாடா, நெகிழ்வட்டு, வன்தட்டு, குறுவட்டு முதலிய சேமிப்புக் கருவிகளின் வீதம் பெரும்பாலும் நொடிக்கு இத்தனை பைட்டு எனக் குறிக்கப்படுகிறது. தொலைத்தொடர்பு இணைப்புகளின் வீதம் நொடிக்கு இத்தனை பிட்டு எனக் குறிக்கப்படுகிறது. ஒரு பைட்டு என்பது எட்டு பிட்டு ஆதலால், எட்டால் பெருக்கினாலோ வகுத்தாலோ மாற்றம் முடிந்துவிடும் எனப் பொதுவாகக் கருதப்படுகிறது.

நடைமுறையில் இந்த எளிய வகுத்தல் சரியான விடையை அரிதாகவே தருகிறது. கருவியின் மீது அச்சிடப்பட்டிருக்கும் வீதம் எதுவாயினும் அது சில எண்களின் பெருக்குத்தொகையாகும். தட்டு நொடிக்கு எத்தனை முறை சுற்றுகிறது, ஒரு தடத்தில் எத்தனை பைட்டு உள்ளது, ஒரு சட்டகத்தில் எத்தனை பிட்டு உள்ளது, நொடிக்கு எத்தனை சட்டகம் செல்கிறது என்பன அந்த எண்கள். இவ்வாறு காரணிகளாகப் பிரித்துப் பார்த்தால்தான், அந்த வீதம் பயனரின் தரவை மட்டும் எண்ணுகிறதா அல்லது உடன் செல்லும் ஒத்திசைவு, சரிபார்ப்பு, முகவரி ஆகியவற்றின் பிட்டுகளையும் சேர்த்து எண்ணுகிறதா என்பது தெரியவரும். இரு வீதங்களையும் ஒரே பொருளை எண்ணும் நிலைக்குக் கொண்டுவந்த பின்னரே எட்டால் வகுப்பதற்குப் பொருள் உண்டு.

பிட்டும் பைட்டும்

ஆங்கிலத்தில் அலகுக் குறியீட்டில் சிறிய பி எழுத்து பிட்டையும் பெரிய பி எழுத்து பைட்டையும் குறிக்கும். தமிழ் எழுத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு இல்லை. ஆகவே "எம்பி" என்றோ "எம்பிபிஎஸ்" என்றோ தமிழில் எழுதப்படும்போது அது மெகாபிட்டா, மெகாபைட்டா என்பதை வாசகர் ஊகிக்க வேண்டியுள்ளது. நொடிக்கு 2 மெகாபிட்டு இணைப்பைப் பெற்ற ஒருவர், கோப்பு நொடிக்கு 240 கிலோபைட்டு வேகத்திலேயே இறங்குகிறது எனக் குறைபட்டுக்கொள்வதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். தமிழில் எழுதுவோர் இவ்வலகுகளைச் சுருக்காமல் முழுமையாக எழுதுவதே நலம். இக்கட்டுரையிலும் அவ்வாறே எழுதப்பட்டுள்ளது.

பைட்டு எப்போதும் எட்டு பிட்டாகவே இருந்ததில்லை. 1960களின் தொடக்கம் வரை ஆறு பிட்டு எழுத்துருக்களையும் 36 பிட்டுச் சொற்களையும் கொண்ட கணினிகள் பரவலாக இருந்தன. 1964 இல் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் சிஸ்டம்/360 கணினித் தொடரே எட்டு பிட்டுப் பைட்டு நிலைபெறப் பெருங்காரணமானது. இந்த ஐயத்தைத் தவிர்ப்பதற்காகத் தொலைத்தொடர்புத் தர ஆவணங்கள் பைட்டு என்று கூறாமல், எட்டு பிட்டுகளின் தொகுதி என்ற பொருள்படும் ஆக்டெட் என்ற சொல்லையே பயன்படுத்துகின்றன.

பாட் என்னும் அலகு

பாட் என்பது ஒரு நொடியில் அனுப்பப்படும் குறிகை மாற்றங்களின் எண்ணிக்கையாகும். இது பிரெஞ்சுத் தந்திப் பொறியாளர் எமில் போதோவின் பெயரால் அமைந்தது. ஒரு குறிகை மாற்றம் ஒரு பிட்டை மட்டும் சுமந்தால் பாட் வீதமும் பிட்டு வீதமும் ஒன்றாகவே இருக்கும். ஆனால் பெல் 212ஏ மோடம் நொடிக்கு 600 மாற்றங்களை மட்டுமே அனுப்பி, ஒவ்வொன்றிலும் இரு பிட்டுகளை ஏற்றி, நொடிக்கு 1200 பிட்டு அனுப்பியது. இதனை "1200 பாட் மோடம்" என அழைத்தது பிழையான வழக்கு. எனினும் அது விளம்பரங்களிலும் பேச்சிலும் ஊன்றிவிட்டது.

தொடர் முனையத்தில் வேறொரு சிக்கல் உண்டு. ஒவ்வொரு பைட்டுக்கும் முன் ஒரு தொடக்கப் பிட்டும் பின் ஒரு முடிவுப் பிட்டும் சேர்க்கப்படுவதால் ஒரு பைட்டை அனுப்பப் பத்து பிட்டு தேவைப்படுகிறது. எனவே நொடிக்கு 9600 பிட்டு வீதமுள்ள தொடர் முனையம் நொடிக்கு 960 பைட்டையே அனுப்பும். 1200 பைட்டை அன்று. இங்கு வகுஎண் எட்டு அல்ல, பத்து.

முன்னொட்டுகளால் வரும் வேறுபாடு

தொலைத்தொடர்புத் துறையில் கிலோ என்பது எப்போதும் 1000, மெகா என்பது எப்போதும் 1,000,000. இதில் விதிவிலக்கு இல்லை. நொடிக்கு 2048 கிலோபிட்டு என்ற வீதம் இரண்டின் அடுக்கைப் போலத் தோன்றினாலும் அதன் பொருள் 2,048,000 பிட்டு என்பதே.

நினைவகத்தை எண்ணும் கணினியியலாளர் கிலோ என்பதை 1024 ஆகவும் மெகா என்பதை 1,048,576 ஆகவும் கொண்டனர். வன்தட்டு உற்பத்தியாளர்கள் பதின்ம வழக்கைக் கைக்கொண்டனர். இயக்குதளங்கள் பல அதே தட்டின் அளவை இரும வழக்கில் காட்டின. வேறுபாடு கிலோபைட்டில் 2.4 விழுக்காடு, மெகாபைட்டில் ஏறத்தாழ 4.9 விழுக்காடு, கிகாபைட்டில் 7.4 விழுக்காடு, டெராபைட்டில் ஏறத்தாழ 10 விழுக்காடு என வளர்கிறது. இதனைத் தீர்க்கும் பொருட்டு 1998 இல் பன்னாட்டு மின்தொழினுட்ப ஆணையம் இரும அளவுகளுக்குக் கிபி, மெபி, கிபி என்ற வரிசையில் புதிய முன்னொட்டுகளை ஏற்றுக்கொண்டது. 1024 ஐயும் அதன் மூன்றாம் அடுக்கையும் குறிக்கும் முன்னொட்டுகள் ஆங்கிலத்தில் வெவ்வேறு ஒலி கொண்டவை. தமிழ் எழுத்திலோ இரண்டும் "கிபி" என்றே அமைந்து புதிய குழப்பத்தைத் தருகின்றன. எனவே இரும அளவு வேண்டப்படும் இடங்களில் இக்கட்டுரையில் "இரும கிகாபைட்டு" என எழுதப்படுகிறது.

இவ்விரு வழக்குகளையும் ஒருசேரக் கலந்த விந்தை 3.5 அங்குல நெகிழ்வட்டாகும். அதன் இரு பக்கங்களில் பக்கத்துக்கு 80 தடங்களும், தடத்துக்கு 18 செக்டர்களும், செக்டருக்கு 512 பைட்டுகளும் உள்ளன. மொத்தம் 1,474,560 பைட்டு. இது பதின்ம வழக்கில் 1.47 மெகாபைட்டு, இரும வழக்கில் 1.41. உறையில் அச்சிடப்பட்ட 1.44 என்ற எண் 1000 ஐ 1024 ஆல் பெருக்கி வந்த, வேறெங்கும் வழங்காத ஒரு "மெகா"வைச் சார்ந்தது. இவ்வட்டின் உள்ளடக்கம் முழுவதையும் மேற்கூறிய 9600 பிட்டுத் தொடர் முனையம் வழியாக அனுப்ப 1,474,560 ஐ 960 ஆல் வகுக்க வேண்டும். விடை 1536 நொடி, அதாவது 25 நிமிடம் 36 நொடி.

தொலைத்தொடர்பு வீதங்களின் அடிப்படை

தொலைத்தொடர்பு வீதங்கள் விந்தையான எண்களாகத் தோன்றினாலும் பெரும்பாலானவற்றின் வேர் ஒன்றே. தொலைபேசியில் மனிதக் குரலை எண்மமாக்க நொடிக்கு 8000 மாதிரிகள் எடுக்கப்பட்டு, ஒவ்வொரு மாதிரியும் எட்டு பிட்டாகக் குறிக்கப்படுகிறது. இதனால் ஒரு குரல்வழிக்கு நொடிக்கு 64,000 பிட்டு தேவைப்படுகிறது. வலையமைப்பு முழுவதும் நொடிக்கு 8000 முறை என்ற இந்தத் தாளத்திலேயே இயங்குகிறது. ஒரு சட்டகத்தில் ஒரு பைட்டு இடம் என்றால் அது நொடிக்கு 64 கிலோபிட்டு.

பெல் நிறுவனம் 1962 இல் அமெரிக்காவில் அறிமுகப்படுத்திய டி1 முறையில் 24 குரல்வழிகள் ஒரே சட்டகத்தில் அடுக்கப்பட்டு, ஒத்திசைவுக்காக ஒரு பிட்டு சேர்க்கப்படுகிறது. 24 × 8 + 1 = 193 பிட்டு; 193 × 8000 = 1,544,000 பிட்டு. இதில் பயனர் தரவுக்குக் கிடைப்பது 1,536,000 பிட்டு, அதாவது 192,000 பைட்டு. ஐரோப்பாவில் உருவாகி இந்தியா, இலங்கை உள்ளிட்ட பெரும்பாலான நாடுகளில் வழங்கிய இ1 முறையில் சட்டகத்துக்கு 32 காலக்கூறுகள் உள்ளன. 32 × 8 × 8000 = 2,048,000 பிட்டு. இவற்றுள் முதல் காலக்கூறு ஒத்திசைவுக்கு உரியது. அதனைக் கழித்தால் 1,984,000 பிட்டு எஞ்சும். தொலைபேசி அழைப்புகளுக்கான சமிக்ஞைக்கு மற்றொரு காலக்கூறும் ஒதுக்கப்பட்டிருந்தால் எஞ்சுவது 1,920,000 பிட்டு.

இவற்றுக்கு மேற்பட்ட பழைய படிநிலைகளில் கூட்டல் கணக்குப் பொருந்தாது. நான்கு இ1 சேர்ந்தால் 8.192 மெகாபிட்டு, ஆனால் இ2 இன் வீதம் 8.448 மெகாபிட்டு. டி3 இல் 28 டி1 அடங்கும், கூட்டினால் 43.232 மெகாபிட்டு வருகிறது, டி3 இன் வீதமோ 44.736 மெகாபிட்டு. ஒவ்வோர் இணைப்பின் கடிகாரமும் மற்றவற்றிலிருந்து சற்றே விலகி ஓடுவதால், அவ்விலகலை ஈடுகட்ட நிரப்புப் பிட்டுகள் சேர்க்கப்படுவதும் சட்டக ஒத்திசைவுக்கான பிட்டுகள் சேர்வதும் இதற்குக் காரணம்.

பின்னர் வந்த எஸ்டிஎச் முறை கடிகாரங்களை ஒருங்கிணைத்து மீண்டும் தூய பெருக்கலுக்குத் திரும்பியது. எஸ்டிஎம்-1 சட்டகம் 9 வரிசைகளும் 270 நிரல்களும் கொண்ட பைட்டுகளின் கட்டம். 9 × 270 × 8 × 8000 = 155,520,000 பிட்டு. வட அமெரிக்க சோனெட் முறையில் இதற்கு இணையானது ஓசி-3 ஆகும். கட்டத்தின் முதல் 9 நிரல்கள் வலையமைப்பின் மேலாண்மைக்குச் செல்கின்றன. மேலும் ஒரு நிரல் வழித்தடக் கண்காணிப்புக்கு வேண்டும். எஞ்சிய 260 நிரல்களே பயனருக்குரியவை. அவற்றின் வீதம் 149,760,000 பிட்டு, அதாவது நொடிக்கு 18.72 மெகாபைட்டு. மேல்நிலைகள் இதன் மடங்குகள்:

எஸ்டிஎம்-4: வீதம் 622.08 மெகாபிட்டு, பயனருக்கு 74.88 மெகாபைட்டு
எஸ்டிஎம்-16: வீதம் 2488.32 மெகாபிட்டு, பயனருக்கு 299.52 மெகாபைட்டு
எஸ்டிஎம்-64: வீதம் 9953.28 மெகாபிட்டு, பயனருக்கு 1198.08 மெகாபைட்டு

(இவை கொள்கலன் முழுவதும் ஒரே ஓடையாகப் பயன்படும்போது உள்ள அளவுகள்.) எஸ்டிஎம்-1 இன் மீது ஏடிஎம் முறை இயங்கினால், 53 பைட்டு கொண்ட ஒவ்வொரு கலத்திலும் 5 பைட்டு தலைப்புக்குச் செல்வதால் பயனருக்கு 135.63 மெகாபிட்டு மட்டுமே கிடைக்கும்.

சேமிப்புக் கருவிகளின் வீதங்கள்

சேமிப்புக் கருவிகளுக்கு இத்தகைய பொதுத் தாளம் இல்லை. அவற்றின் வீதம் மோட்டார் சுழலும் வேகத்திலிருந்தும் பதிவின் அடர்த்தியிலிருந்தும் பிறக்கிறது.

ஒன்பது தட காந்த நாடாவில் அடர்த்தி "ஓர் அங்குலத்துக்கு 6250 பிட்டு" என்று எழுதப்பட்டிருக்கும். இதனை எட்டால் வகுப்பது பெரும்பிழை. நாடாவின் குறுக்கே எட்டு தரவுப் பிட்டுகளும் ஒரு சரிபார்ப்புப் பிட்டும் ஒரே நேரத்தில் பதியப்படுவதால், அந்த எண் ஒரு தடத்துக்கு உரியது. நாடா முழுவதற்கும் அது அங்குலத்துக்கு 6250 பைட்டு ஆகும். ஐபிஎம் 3420 வரிசையின் எட்டாம் மாதிரி நாடாவை நொடிக்கு 200 அங்குல வேகத்தில் ஓட்டியது. 6250 × 200 = நொடிக்கு 1,250,000 பைட்டு. 2400 அடி நீளமுள்ள சுருளில் 28,800 அங்குலம் உண்டு. எனவே இடைவெளியின்றி எழுதினால் 180,000,000 பைட்டு கொள்ளும். இந்தச் சுருளை 144 நொடிகளில் படித்துவிடலாம். அதே தரவை ஒரு 64 கிலோபிட்டு இணைப்பில் அனுப்ப 22,500 நொடி, அதாவது ஆறேகால் மணி நேரம் ஆகும்.

ஆனால் நாடாவில் இடைவெளியின்றி எழுத இயலாது. ஒவ்வொரு தொகுதிக்கும் இடையே 0.3 அங்குல வெற்றிடம் விடப்படுகிறது. துளையட்டைக் காலத்து வழக்கப்படி பத்து அட்டைகளுக்கு ஒரு தொகுதி என 800 பைட்டுகளாக எழுதினால், தரவுக்கு 0.128 அங்குலமும் வெற்றிடத்துக்கு 0.3 அங்குலமும் செல்லும். சுருளில் 30 விழுக்காடுகூடத் தரவு இராது. தொகுதியை 30,000 பைட்டாக்கினால் 94 விழுக்காடு தரவு இருக்கும். ஒரே சுருள், ஒரே கருவி, ஒரே அடர்த்தி. பயனுள்ள வீதமோ மும்மடங்குக்கும் மேல் வேறுபடுகிறது.

வன்தட்டிலும் இதே நிலையைக் காணலாம். 1980 இல் சீகேட் வெளியிட்ட எஸ்டி-506 தட்டின் இடைமுகம் நொடிக்கு 5 மெகாபிட்டு வீதமுடையது. எட்டால் வகுத்தால் 625,000 பைட்டு. அதே இடைமுக வகையைச் சேர்ந்த தனிநபர் கணினித் தட்டுகள் நிமிடத்துக்கு 3600 சுற்றுகள், தடத்துக்கு 17 செக்டர், செக்டருக்கு 512 பைட்டு என அமைந்தன. 17 × 512 × 60 = 522,240 பைட்டு. எஞ்சியவை செக்டர்களுக்கு இடையேயான முகவரிகளும் இடைவெளிகளும் ஆகும். 1983 இல் வந்த ஐபிஎம் பிசி எக்ஸ்டி கணினியால் அடுத்தடுத்த செக்டர்களை அவ்வளவு விரைவாக ஏற்க முடியவில்லை. எனவே செக்டர்கள் ஆறுக்கு ஒன்று என்ற முறையில் இடைவிட்டு எண்ணிடப்பட்டன. ஒரு தடத்தைப் படிக்க ஆறு சுற்றுகள் வேண்டியிருந்ததால் உண்மையான வீதம் நொடிக்கு 87,040 பைட்டாகக் குறைந்தது. 1962 இன் டி1 தொலைபேசி இணைப்பு தரும் 192,000 பைட்டு இதைவிட இருமடங்குக்கும் அதிகம். சேமிப்புக் கருவி எப்போதும் தொலைத்தொடர்பு இணைப்பைவிட விரைவானது என்ற எண்ணம் பழைய கருவிகளைப் பொறுத்தவரை எங்கும் பொருந்துவதன்று.

ஒரே கருவிக்கு மூன்று வீதங்கள் இருக்கலாம் என்பதற்குக் குறுவட்டு தெளிவான எடுத்துக்காட்டு. அடிப்படை வேகத்தில் சுழலும் குறுவட்டிலிருந்து லேசர் படிக்கும் குழிகளின் ஓடை நொடிக்கு 7350 சட்டகம், சட்டகத்துக்கு 588 பிட்டு என 4,321,800 பிட்டு வீதமுடையது. குறிமுறையையும் பிழைதிருத்தப் பிட்டுகளையும் நீக்கினால் கிடைக்கும் இசைத் தரவு 44,100 × 16 × 2 = 1,411,200 பிட்டு, அதாவது 176,400 பைட்டு. அதே வட்டில் கணினித் தரவு எழுதப்பட்டால், 2352 பைட்டு கொண்ட ஒவ்வொரு செக்டரிலும் 304 பைட்டு ஒத்திசைவுக்கும் கூடுதல் பிழைதிருத்தத்துக்கும் செல்ல, 2048 பைட்டு எஞ்சும். நொடிக்கு 75 செக்டர் என்பதால் 153,600 பைட்டு. இசையில் ஒரு பிட்டு பிழையானால் செவிக்குத் தெரியாமல் மறைக்கலாம். நிரலில் ஒரு பிட்டு பிழையானால் நிரல் இயங்காது. வீதம் குறைந்தது இந்தப் பாதுகாப்பின் விலையாகும். "52 மடங்கு வேகம்" முதலிய அறிவிப்புகள் இந்த 153,600 பைட்டையே ஒரு மடங்காகக் கொள்கின்றன. அவ்வேகமும் வட்டின் வெளி விளிம்பில் மட்டுமே எட்டப்படும்.

எட்டு பிட்டுக்குப் பத்து பிட்டு

அதிவேக ஒளியிழைகளில் நெடுநேரம் ஒரே பிட்டு தொடர்ந்து வந்தால் பெறுநர் கடிகாரத்தைத் தவறவிடும். இதனைத் தவிர்க்க ஐபிஎம் நிறுவனத்தின் ஆல் விட்மர், பீட்டர் பிரானசெக் ஆகியோர் 1983 இல் வெளியிட்ட 8பி/10பி குறிமுறை, ஒவ்வோர் எட்டு பிட்டையும் பத்து பிட்டாக மாற்றி அனுப்புகிறது. பைபர் சானல், கிகாபிட்டு ஈதர்நெட், சாட்டா ஆகியன இதனைப் பயன்படுத்தின. ஆனால் இவற்றின் பெயரிடும் வழக்கம் ஒன்றல்ல. சாட்டாவின் "1.5 கிகாபிட்டு" என்பது குறிமுறைக்குப் பிந்தைய எண், பத்தால் வகுத்து 150 மெகாபைட்டு எனக் கொள்ள வேண்டும். கிகாபிட்டு ஈதர்நெட்டின் "1 கிகாபிட்டு" குறிமுறைக்கு முந்தைய எண். இழையில் செல்வது 1.25 கிகாபிட்டு. ஆகவே எட்டால் வகுத்து 125 மெகாபைட்டு எனக் கொள்ள வேண்டும். பைபர் சானலின் முதல் தலைமுறை இழையில் 1.0625 கிகாபிட்டு அனுப்புகிறது. பத்தால் வகுத்தால் 106.25 மெகாபைட்டு, சட்டகத் தலைப்புகளைக் கழித்துச் சுற்றெண்ணாக 100 மெகாபைட்டு என்று குறிப்பிடுவது வழக்கம்.

ஒரு கணக்கு

ஒரு நிறுவனம் ஒவ்வோர் இரவும் தன் தரவில் ஏற்பட்ட மாற்றங்களை மற்றொரு நகரிலுள்ள காப்பு நிலையத்துக்கு அனுப்புகிறது எனக் கொள்வோம். இரவு 10 மணிக்குத் தொடங்கி காலை 6 மணிக்குள் முடிய வேண்டும். மாற்றங்களின் அளவு 20 கிகாபைட்டு. மூன்று இ1 இணைப்புகள் போதுமா என்பதே கேள்வி.

மேலோட்டமாகக் கணக்கிடுவோர் 3 × 2.048 = 6.144 மெகாபிட்டு எனக் கொள்வர். ஒத்திசைவுக் காலக்கூறுகளை நீக்கினால் இருப்பது 5.952 மெகாபிட்டு. இணையநெறிமுறையில் 1500 பைட்டுப் பொதி ஒவ்வொன்றிலும் 40 பைட்டு தலைப்பாதலால் தரவுக்கு 97.3 விழுக்காடு கிட்டும். 20 கிகாபைட்டு என்பது பதின்ம வழக்கிலானால் 160,000,000,000 பிட்டு. அதனை அனுப்ப 27,618 நொடி, அதாவது 7 மணி 40 நிமிடம் ஆகும். 5:40 மணிக்கு வேலை முடிந்துவிடும்.

ஆனால் அந்த 20 என்ற எண் இயக்குதளத்தின் திரையில் காட்டப்பட்ட இரும கிகாபைட்டு எனில், உண்மையில் அது 21,474,836,480 பைட்டு. இப்போது 29,655 நொடி தேவைப்படும். வேலை முடியும்போது காலை 6 மணி 14 நிமிடம் ஆகியிருக்கும். தலைப்புகளை முற்றிலும் புறக்கணித்தாலும் எட்டு மணி நேரத்துக்கு ஒரு நிமிடம் மேலாகவே ஆகும். நான்காவது இணைப்பை வாடகைக்கு எடுப்பதா என்ற முடிவு இங்கு ஒரு முன்னொட்டின் பொருளைப் பொறுத்து அமைகிறது. முதலில் கூறிய 6.144 மெகாபிட்டைக் கொண்டு கணக்கிட்டிருந்தால், இந்த இரும அளவும் 7 மணி 46 நிமிடத்தில் முடியும் என்ற பொய்யான விடையே கிடைத்திருக்கும்.

இதே கணக்கில் மற்றோர் எச்சரிக்கையும் தேவை. 2000 இல் வந்த எல்டிஓ முதல் தலைமுறை நாடாவின் கொள்ளளவு 100 கிகாபைட்டு, வீதம் நொடிக்கு 20 மெகாபைட்டு. உறையிலோ "200 கிகாபைட்டு" என்ற எண்ணும் காணப்படும். அது தரவு பாதியாகச் சுருங்கும் என்ற கற்பிதத்தின்படி எழுதப்பட்டது. ஏற்கெனவே சுருக்கப்பட்ட படங்களும் நிகழ்படங்களும் மேலும் சுருங்குவதில்லை. சுருக்கமின்றி ஒரு நாடாவைப் படிக்க 5000 நொடி ஆகும். அதனை எஸ்டிஎம்-1 இணைப்பில் அனுப்பத் தலைப்புகள் நீங்கலாக 5342 நொடி. ஏறத்தாழ இரண்டும் சமம். ஒரு இ1 இணைப்பிலோ நான்கரை நாட்களுக்கும் மேல். அத்தகைய நிலையில் நாடாவை வண்டியில் ஏற்றி அனுப்புவதே விரைவான வழி.

சேமிப்பு வலையமைப்பை எஸ்டிஎச் மீது ஏற்றுதல்

வங்கி முதலிய நிறுவனங்கள் பேரிடர் மீட்புக்காக இரு நகரங்களின் சேமிப்பகங்களை ஒளியிழை வழியாக இணைத்தபோது, இவ்வலகு மாற்றம் காகிதக் கணக்காக இல்லாமல் கருவியின் வேலையாகவே ஆனது. பைபர் சானலின் 1062.5 மெகாபிட்டு எந்த எஸ்டிஎச் படிநிலைக்கும் பொருந்துவதன்று. எஸ்டிஎம்-16 முழுவதையும் ஒதுக்கினால் பாதிக்கும் மேல் வீணாகும். எஸ்டிஎம்-4 இல் இடம் போதாது.

இதற்கு இரு உத்திகள் கையாளப்பட்டன. முதலாவது, 149.76 மெகாபிட்டுக் கொள்கலன்களைத் தேவையான எண்ணிக்கையில் தனித்தனியே அனுப்பி மறுமுனையில் ஒன்றுசேர்த்தல். இரண்டாவது, ஐடியூ-டி ஜி.7041 பரிந்துரையில் வரையறுக்கப்பட்ட பொதுச் சட்டக முறை. இது பத்து பிட்டுக் குறிமுறையைக் கழற்றி எட்டு பிட்டாக்கி, 64 எழுத்துகளுக்கு 67 பைட்டு என்ற சிக்கனமான வடிவில் மீண்டும் கட்டுகிறது. பைபர் சானலின் 1062.5 மெகாபிட்டில் தரவு 850 மெகாபிட்டு. 850 × 67 ÷ 64 = 889.8 மெகாபிட்டு. ஆறு கொள்கலன்களின் கொள்ளளவு 898.56 மெகாபிட்டு ஆதலால் அவற்றுள் அடங்கிவிடுகிறது. கிகாபிட்டு ஈதர்நெட்டுக்கு 1000 × 67 ÷ 64 = 1046.9 மெகாபிட்டு, ஏழு கொள்கலன்கள் 1048.32 மெகாபிட்டு. மிச்சம் ஒன்றரை மெகாபிட்டுக்கும் குறைவு. சட்டகத் தலைப்புகளும் அதற்குள் அடங்க வேண்டியிருப்பதால், ஒரு சட்டகத்தில் குறைந்தது 95 தொகுதிகளை அடுக்க வேண்டும் என அப்பரிந்துரை வரையறுக்கிறது.

தொலைவின் விளைவு

வீதங்கள் சரியாகப் பொருந்திய பின்னரும் எதிர்பார்த்த வேகம் கிடைக்காமல் போகலாம். ஒளியிழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீட்டர் செல்கிறது. 100 கிலோமீட்டர் தொலைவுக்குச் சென்று திரும்ப ஒரு மில்லிநொடி ஆகும். பைபர் சானல் முறையில் பெறுநரிடம் எத்தனை இடையகங்கள் உள்ளனவோ அத்தனை சட்டகங்களை மட்டுமே ஒப்புகைக்குக் காத்திராமல் அனுப்பலாம். ஒரு முழுச் சட்டகம் 2112 பைட்டு தரவைச் சுமக்கும். முதல் தலைமுறை வீதத்தில் அதனை அனுப்ப 20 மைக்ரோநொடி ஆகிறது. பெறுநரிடம் 16 இடையகங்கள் மட்டும் இருந்தால், மில்லிநொடிக்கு 16 சட்டகத்துக்கு மேல் செல்லாது. வீதம் நொடிக்கு ஏறத்தாழ 33 மெகாபைட்டாகக் குறைந்துவிடும். இணைப்பு மூன்றில் இரு பங்கு நேரம் வெறுமனே கிடக்கும். முழு வீதத்தையும் பெற ஏறத்தாழ 50 இடையகங்கள் தேவை. ஒரே கட்டடத்துக்குள் பயன்படுத்துவதற்கென வடிவமைக்கப்பட்ட கருவிகளை நகரங்களுக்கிடையே இணைக்கும்போது இதைக் கவனிக்க வேண்டும். கூடுதல் வேகமுள்ள இணைப்பை வாங்குவதால் இக்குறை தீராது.

பிற்கால வலையமைப்புகளில் பழைய வீதங்கள்

பல நாடுகளில் எஸ்டிஎச் இன் இடத்தை ஓடிஎன் எனப்படும் ஒளியியல் போக்குவரத்து வலையமைப்பும் ஈதர்நெட்டும் எடுத்துக்கொண்டுள்ளன. ஆயினும் பழைய எண்கள் அவற்றினுள்ளும் தொடர்கின்றன. 10 கிகாபிட்டு ஈதர்நெட்டின் ஒரு வகை, எஸ்டிஎம்-64 இன் கொள்கலனுக்குள் அமையும் பொருட்டு 9584.64 மெகாபிட்டு வீதத்துக்கு வடிவமைக்கப்பட்டது. 64பி/66பி குறிமுறையைக் கழித்தால் அதில் பயனருக்கு 9294 மெகாபிட்டே கிடைக்கும். ஓடிஎன் முறையில் கிகாபிட்டு ஈதர்நெட்டுக்கென ஏற்படுத்தப்பட்ட ஓடியூ0 கலத்தின் வீதம் 1244.16 மெகாபிட்டு, அதாவது எஸ்டிஎம்-16 இல் சரிபாதி. அதில் தரவுக்கான பகுதி 1238.95 மெகாபிட்டு. ஈதர்நெட் இழையில் ஓடும் 1250 மெகாபிட்டு இதில் அடங்காது. ஆகவே இங்கும் பத்து பிட்டுக் குறிமுறையைக் கழற்றிய பின்னரே தரவு ஏற்றப்படுகிறது.